கூடாரத்துக்குக் காவல்

பூங்காவில் நான் கல்யாண ஜோடிகளைப் படமெடுக்கும்போது, பெண்கள் உடை மாற்றச் சின்னக் கூடாரம் அடிப்பது என் மனைவியின் வேலை. பின்னால் வெயில் இருந்தால் உள்ளே இருப்பவரின் நிழல் துணியில் தெரியும் என்று மூன்று முறையாவது இடம் மாற்றுவாள். கைத்தடியோடு நடக்க வந்த கிழவரைக்கூட முறைப்பாள். மாப்பிள்ளையே ஆனாலும் கைபேசியை அவளிடம் கொடுத்துவிட்டு மரத்தைப் பார்த்து நிற்க வேண்டும்.

எனக்கும் சலுகை கிடையாது. உள்ளே போனவர் வெளியே வரும்வரை என் கேமரா அவள் கழுத்தில்தான் தொங்கும். கிளம்புமுன் அத்தனை படத்தையும் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்ப்பாள்.

"பன்னண்டு வருஷமா பாக்குற. ஏதாவது சிக்குச்சா?" என்று நேற்று எரிந்து விழுந்தேன்.

"ஒண்ணுகூட சிக்கலீங்க. அதான் சந்தேகமா இருக்கு" என்றாள், கேமராவைக் கழற்றாமலே.