இரண்டு எபெனேசர்

பைக்கின் பக்கவாட்டில் கட்டிய அலுமினிய ஏணி எங்கள் கேட்டில் உரசும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. சித்தூரில் எங்கள் தெருவின் இன்டர்நெட் லைன்மேன் அந்த ஏணியோடுதான் வருவார். அன்று காலை அவர் வந்து சேர்வதற்குள், அவர் வேலைக்கு உலை வைக்கும் காரியத்தை நான் முடித்திருந்தேன்.

ஆரம்பித்தது என் கம்ப்யூட்டர். நான் பல் துலக்கப் போன நேரம் பார்த்து, ஒரு வார்த்தை கேட்காமல், தன்னைத்தானே அப்டேட் செய்துகொண்டது. குடியிருப்பவன் வெளியே போன சமயம் வீட்டுக்காரர் பூட்டை மாற்றினால் போலீசுக்குப் போகலாம். இதற்கு எங்கே போவது? வைஃபை பாஸ்வேர்டை அடியோடு மறந்துவிட்டது. பதினொரு மணிக்கு ஸ்ரீசிட்டி ஆபீசோடு வீடியோ மீட்டிங். வைஃபை பட்டியலில் எங்கள் வீட்டுப் பெயர் ‘எபெனேசர்’ தெரிந்தது. டைரியைப் பார்த்துப் பாஸ்வேர்டை அடித்தேன். தவறு என்றது. பதினேழு முறை அடித்தேன். பதினேழு முறையும் அதே மரியாதையோடு தவறு என்றது. ரௌட்டரைத் தட்டினேன், தலைகீழாகக் கவிழ்த்தேன், அதன் பக்கத்தில் கண்ணை மூடி நின்றுகூடப் பார்த்தேன். சமையலறையில் போனில் பிரியாணி வீடியோ பார்த்துக்கொண்டிருந்த மனைவி, “எனக்கு நல்லாத்தான் வந்துகினு கீது” என்றாள். அதுவும் இதே வைஃபைதான் என்று யோசிக்க எனக்கு மூளை மிச்சமில்லை. “அது வேற, நீ சும்மா இரு” என்றேன்.

இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் போட்டால் தெலுங்குக்கு ஒன்று, இந்திக்கு இரண்டு, ஆங்கிலத்துக்கு மூன்று. தெலுங்கு எனக்குத் தண்ணி பட்ட பாடுதான். ஆனால் கோபம் தமிழில்தான் வரும். அன்று மொழிபெயர்த்துக் கோபப்பட்டேன். மொழிபெயர்ப்பில் ஒரு பொய்யும் சேர்ந்துகொண்டது. முந்தின நாள் பக்கத்து வீட்டுக்குப் புது இணைப்பு கொடுக்க வந்த லைன்மேன், வேண்டுமென்றே என் லைனைப் பிடுங்கிவிட்டான் என்றேன்.

அவர் வந்தார். “இன்னா சார், இப்பிடி வேர்த்துகினு கீது?” ரௌட்டரின் விளக்குகளைப் பார்த்தார், மனைவியின் போனைப் பார்த்தார், கடைசியில் என் திரையைப் பார்த்துச் சிரித்தார்.

“இது உங்க எபெனேசர் இல்ல சார். பக்கத்து வூட்டு வாத்தியாரம்மா எபெனேசர். இங்கிலீஷ்ல கடைசி எழுத்துக்கு முன்னால பாருங்க, அவங்களுது ‘ஏ’, உங்களுது ‘ஈ’. வாசல்ல போர்டுல இருந்ததத்தான் நான் அடிச்சேன்.”

எங்கள் மிஷன் தெருவில் பாதி வீடுகளுக்கு அந்தப் பெயர்தான். வேதாகமத்தில் அது உதவியின் கல். எழுத்துக் கூட்டல் மட்டும் அவரவர் விசுவாசப்படி. என் எபெனேசர் பட்டியலில் நான்கு வரி கீழே சாதுவாகக் காத்திருந்தது. இத்தனை ஆர்ப்பாட்டத்துக்குப் பிறகு அந்த மீட்டிங்கில் நான் பேசியது ‘குட் மார்னிங்’ மட்டும்.

ஏணியைக் கட்டும்போது அவர் போன் அடித்தது. “அவுனு சார், அவுனு சார்” என்று தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். வைத்ததும் சொன்னார்: “நான் லைனப் புடுங்கிட்டேன்னு யாரோ கம்ப்ளைன்ட் குடுத்துகிறாங்க. இதோட மூணு. மூணாச்சின்னா வூட்டுக்கு அனுப்பிடுவாங்க.”

யார் என்று அவர் கேட்கவில்லை. நான் ஏணியின் மறுமுனையைப் பிடித்துக் கொடுத்தேன்.

அன்று முழுக்கக் கம்பெனியை அழைத்தேன். புகார் கொடுக்க ஒன்று, புகாரின் நிலை அறிய இரண்டு. வாபஸ் வாங்க எண்ணே இல்லை. ஒருவன் பொய் சொல்ல இத்தனை வசதி செய்து கொடுத்தவர்கள், அவன் உண்மை சொல்ல ஒரு பொத்தான் வைக்கவில்லை. மறுநாள் திருப்பதி ஆபீசுக்கே போய், பொய் சொன்னது நான், நடவடிக்கை எடுப்பதானால் என்மேல் எடுங்கள் என்று எழுதி நீட்டினேன். மேனேஜர் படித்துவிட்டுச் சிரித்தார். “கஸ்டமர் மேல ஆக்‌ஷனுக்கு ரூல் லேது சார்.”

நான்காம் நாள் போனுக்குச் செய்தி வந்தது. என் புகாரின்பேரில் ஊழியர் நீக்கப்பட்டாராம். எனக்குத் திருப்தியா என்று கேட்டிருந்தார்கள்.

அவர் இப்போது நாயுடுபேட்டையில் ஒரு குடோனில் இருக்கிறார். போன மாதம்தான் தைரியம் வந்து கூப்பிட்டேன். அந்தப் புகார் நான் கொடுத்தது என்றேன்.

“தெரியும் சார். ஆபீஸ்ல உங்க வாய்ஸப் போட்டுக் காமிச்சாங்க.” பிறகு கேட்டார்: “இப்போ லைன் ஒழுங்கா வர்தா?”

வருகிறது என்றேன்.