எடை மெஷினுக்கு வைத்த சந்தனம்

தப்பு நடந்திருக்கிறது என்று சொல்ல ஊரெல்லாம் ஆள் இருக்கிறார்கள். எங்கே என்று தேடத்தான் நான் ரெட்டியார்பாளையத்திலிருந்து சேதராப்பட்டுக்குப் பைக்கில் போக வேண்டியிருக்கிறது. மெஷின் ரிப்பேர் பார்க்கும் இந்த வேலை எனக்குச் சலித்துப்போய் ரொம்ப நாளாயிற்று.

அன்று போனது ஒரு சோப்பு ஃபேக்டரிக்கு. அங்கே எடை மெஷின் ஒவ்வொரு பெட்டியின் எடையையும் வொயர் வழியாக ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். எடைக்கு முன்னால் ஓர் ஆரம்ப அடையாளம் வரும். அதைப் பிடித்துக்கொண்டுதான் கம்ப்யூட்டர் தாளம் தப்பாமல் வாங்கும். கடைசியில் ஒரு சரிபார்ப்பு எண். கம்ப்யூட்டர் தானும் கணக்குப் போட்டுப் பார்த்து, ஒத்துவராவிட்டால் தள்ளிவிடும். ஆயுத பூஜை லீவு முடிந்ததிலிருந்து பாதிக்கு மேல் தள்ளிக்கொண்டிருந்தது.

"இந்தம்மா கண்ட பட்டனையும் அமுக்கியிருக்கும். நீங்களும் அதையே சொல்லிட்டா, நாளையிலேர்ந்து வர வேணாம்னு அனுப்பிடுவேன்" என்றார் மேனேஜர். அந்தம்மா, காலாப்பட்டு பக்கம் மீனவர் குப்பத்திலிருந்து வரும் கான்ட்ராக்ட் தொழிலாளி, அங்கேயேதான் நின்றிருந்தார். மனிதருக்கு அதுகூட உறைக்கவில்லை.

மேனேஜர் நகர்ந்ததும் அந்தம்மா என்னிடம் வந்தார். "நான் பட்டனையே தொடல சார். பூஜைக்கு நல்லா தொடச்சுப் பொட்டு வச்சேன். அவ்ளோதான்."

மெஷினைத் திருப்பி வொயரைக் கழற்றினேன். முனையில் இருந்த ஊசிகளின் மேல் சந்தனம் தாராளமாக அப்பியிருந்தது, நடுவில் குங்குமத்தோடு.

"இதைக் கழட்டி இதுக்குமா வச்சீங்க அக்கா?"

"அதுதான சார் எல்லாத்தையும் கொண்டு போவுது? அத மட்டும் வுட்டுட்டா எப்படி?"

சிரிப்பதற்குக்கூட எனக்குத் தெம்பில்லை. ஸ்பிரிட்டைத் தொட்டு பிரஷ்ஷால் ஊசி ஊசியாகச் சுத்தம் செய்து செருகினேன். ஆபீஸ் திரையில் எடைகள் ஒழுங்காக வந்து விழத் தொடங்கின.

"என்னங்க கோளாறு?" மேனேஜர் திரும்பி வந்தார். பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்த அந்தம்மாவின் கை அப்படியே நின்றது.

"லூஸ் கனெக்‌ஷன் சார். போன தடவை நான்தான் ஸ்க்ரூவைச் சரியா முறுக்காம விட்டுட்டேன்."

"நல்லா பாக்கறீங்க வேலை. அடுத்த தடவைக்கு வேற ஆளப் பாத்துக்கறோம்."

எனக்குக் கோபம் வரவில்லை, அலுப்புத்தான் வந்தது. பையை மூடினேன். டேப் கிழிபடும் சத்தம் மறுபடி கேட்டது. கம்ப்யூட்டர் ஒவ்வொரு எடையையும் சரிபார்த்துத்தான் வாங்கிக்கொண்டிருந்தது. நான் சொன்னதை மட்டும் மேனேஜர் அப்படியே வாங்கிக்கொண்டார்.