நாலு குண்டும் அரை நிமிடமும்

போன ஞாயிறு மத்தியானம், சாப்பிட்ட கோப்பைகளைக் கழுவி வைப்பதற்குள், எங்கள் வீட்டு பிரெஞ்சு டாங்கி மறுபடியும் வெடித்தது.

பயப்பட வேண்டாம். கொம்பியூட்டருக்குள்தான். மஹய்யாவையில் எங்கள் ஒழுங்கைக்குள் ஓட்டோ வந்து திரும்பவே இடமில்லை. டாங்கிக்கு எங்கே போவது?

"என்னங்க, போச்சா?" என்று சமையலறையிலிருந்து கேட்டேன்.

"போச்சு" என்றார் வீட்டுக்காரர். "தேத்தண்ணி ஊத்து."

வழக்கமாக என்னுடைய இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு இவரைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். பெயர் செல்வம். பன்வில பக்கத்துத் தோட்டத்து ஃபெக்டரியிலிருந்து கொழும்புக்குத் தேயிலை மூட்டை இறக்கும் லொறியின் டிரைவர். இருபத்தெட்டு வருஷம் அந்த வளைவுகளில் ஓட்டியவர். போன வருஷம் ஒரு காலையில் பல் விளக்கும்போது கையிலிருந்து பிரஷ் விழுந்தது. எடுக்கக் குனிந்தார். கை போகவில்லை. ஸ்ட்ரோக். சின்னதுதான் என்றார்கள் டொக்டர்மார். அவர்களுக்குச் சின்னது.

கால் திரும்பி வந்துவிட்டது. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை — அது கொஞ்சம் குறைந்திருந்தாலும் நான் கோபித்திருக்க மாட்டேன். வலது கைதான் இன்னும் பாதி வழியில் நிற்கிறது.

கனரக வாகன லைசன்ஸைப் புதுப்பிக்க அவர் மெடிக்கல் பரிசோதனைக்குப் போகப்போகிறார் என்று ஒரு தடவை எழுதியிருந்தேன். என்ன ஆச்சு டீச்சர், என்ன ஆச்சு டீச்சர் என்று கேட்டு எழுதிக்கொண்டே இருக்கிறீர்கள். ஏழு வாரமாக மாம்பழம், மழை, பஸ் என்று எதையெதையோ எழுதி நழுவினேன். இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். ஆனால் டாங்கியில் இருந்து தொடங்கினால்தான் விளங்கும்.

விரலுக்கு வேலை கொடுக்க வேண்டும், பிடித்த வேலையாக இருந்தால் நல்லது என்றார் பயிற்சி கொடுக்கும் மிஸ். ரப்பர் பந்து ஒன்றைக் கொடுத்து அமுக்கச் சொன்னார். இரண்டே நாள். பந்து அலுமாரிக்கு அடியில் போய்விட்டது. எடுக்க யாருக்கும் மனமில்லை. கொழும்பில் வேலை செய்யும் மகள் தர்ஷினி லீவில் வந்தவள், தன்னுடைய பழைய கொம்பியூட்டரைத் தூசு தட்டி, டாங்கிச் சண்டை கேம் ஒன்றைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள். ஐம்பத்து நாலு வயது மனுஷனுக்கு. சண்டை என்றாலே எரிந்து விழுகிற மனுஷனுக்கு.

"அப்பாவுக்கு ஸ்டியரிங் இருந்தா போதும்மா" என்றாள். சரியாகத்தான் சொன்னாள்.

எத்தனையோ நாட்டு டாங்கிகள் அதில் இருக்கின்றன. ஜெர்மன், ரஷ்யன்... எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்தார். ஒன்றும் சரிவரவில்லை. அவை ஒவ்வொரு குண்டாகச் சுடும். சுட்டு, குறி பார்த்து, சுட்டு, குறி பார்த்து... மவுஸிலிருந்து கையை எடுக்கவே முடியாது. ஐந்து நிமிடத்தில் கை மேசையில் சரிந்துவிடும். அப்போதுதான் தர்ஷினி இந்த பிரெஞ்சுக்காரனைக் கண்டுபிடித்தாள்.

பெயர் ஹெவி டாங்கி. உடம்பு தகரம். பேர் தங்கம்மாள், கழுத்தில் கருகமணி — அதே கதைதான். நெற்றியில் பட்ட குண்டு சில நேரம் வழுக்கிப் போகும். பக்கவாட்டில் பட்டால் நேரே சமையலறை வரைக்கும் வரும். ஆள் வேறு நல்ல உயரம். ஒளிந்தாலும் தலை தெரியும். ஆனால் ஓட்டம் இருக்கிறதே, ஹெவியில் அப்படி ஓட்டம் வேறெதற்கும் இல்லையாம். அதைவிடப் பெரிய விஷயம் அதன் டிரம். நாலு குண்டு ஒன்றாக நிரப்பி வைத்திருக்கும். டிக், டிக், டிக், டிக். கண்ணை மூடித் திறப்பதற்குள் நாலும் போய்விடும். எதிரே நிற்பவன் யார் சுட்டது என்று யோசிப்பதற்குள் அவன் இல்லை.

சரி, அதற்குப் பிறகு? அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. அரை நிமிடத்துக்கும் மேலே டிரம் நிரம்ப வேண்டும். அதுவரைக்கும் அவ்வளவு பெரிய டாங்கி வெறும் தகர டப்பா. சின்னப் பயல்கள் சின்ன டாங்கிகளில் வந்து கடித்துவிட்டுப் போவார்கள். ஓடி ஒளிய வேண்டும்.

உலகத்தில் எல்லோரும் அந்த அரை நிமிடத்துக்காக அந்த டாங்கியைத் திட்டுகிறார்களாம். என் வீட்டுக்காரர் அதற்காகத்தான் அதை எடுத்தார். நாலு தடவை அழுத்திவிட்டு வலது கையைத் தூக்கி மடியில் போட்டுக்கொள்வார். இடது கையால் பின்னுக்கு எடுத்து ஒரு சுவருக்குப் பின்னால் நிறுத்துவார். கை இளைப்பாறும். டிரம் நிரம்பும். இரண்டும் ஒரே நேரத்தில் தயாராகும்.

விளங்குகிறதா? அவருடைய கையும் நாலு குண்டுக் கைதான். நாலு பிடி நன்றாகப் பிடிக்கும். ஐந்தாவதுக்கு அரை நிமிடம் வேண்டும்.

இது தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர். அவரும் நானும்.

போன ஞாயிறு வெடித்த கதையையும் சொல்லிவிடுகிறேன். மலைப்பாதை ஒன்றில் இவர் இறங்கி வருகிறார். கீழேயிருந்து எதிரி டாங்கி ஏறி வருகிறது. டிரமில் நாலு குண்டும் இருக்கிறது. என்ன செய்தார் தெரியுமா? இடது பக்கம் ஓரங்கட்டி நிறுத்தினார். தகரப் பக்கவாட்டை முழுசாகக் காட்டிக்கொண்டு.

தர்ஷினி கொழும்பிலிருந்து கூடவே விளையாடிக்கொண்டிருந்தாள். ஃபோன் ஸ்பீக்கரில் அவள் குரல் வந்தது. "அப்பா, ஏன் நிப்பாட்டுனீங்க? சுடுங்க."

"ஏறி வர்றான்ல. லோடோட ஏறுறவன நிப்பாட்டக் கூடாது. நிப்பாட்டுனா திரும்ப எடுக்க ஏலாது."

"அப்பா, அவன் எதிரி."

"எதிரியா இருந்துட்டுப் போகட்டும். ரோட்டுக்கு ஒரு சட்டம் இருக்குல்ல?"

ஏறி வந்தவனுக்கு அந்தச் சட்டம் தெரியவில்லை. அவ்வளவுதான் கதை. கேமில் இவர் பக்கத்துக் கூட்டாளிகளில் யாரோ என்னவோ பாஷையில் நீளமாக எழுதினார்கள். தர்ஷினி அதை மொழிபெயர்க்க மறுத்துவிட்டாள்.

இனி மெடிக்கலுக்கு வருகிறேன்.

அதற்கு முந்தின வாரம் லொறி முதலாளி நிஸார் ஹாஜியார் கலகெதரையிலிருந்து வந்திருந்தார். ஒரு பை நிறைய றம்புட்டான். கதிரையின் நுனியில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தார். ஏதோ சொல்ல வந்து சொல்லாமல் இருக்கிறார் என்று எனக்கே தெரிந்தது.

"ஒங்கட லொறி அப்பிடியே ஈக்குது செல்வம். வேற ஒருத்தனுக்கும் நான் சாவி குடுக்கல்ல" என்றார் கடைசியில். "ஆனா மாசம் முடியங்காட்டி ஒரு முடிவு சொல்லுங்க. ஃபெக்டரிக்காரங்க கேட்டுக்கிட்டே ஈக்கிறாங்க."

"லைசனோட வர்றேன் ஹாஜியார்" என்றார் இவர். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்த முகத்தைப் பார்த்தேன்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். எனக்குக் களைத்துவிட்டது. பள்ளிக்கூடம், சமையல், ஆஸ்பத்திரிக் கியூ, அவருடைய கோபம், அந்தக் கோபத்துக்குப் பிறகு வரும் மௌனம்... அவர் லொறிக்குப் போய்விட்டால் வாரத்தில் நாலு நாள் வீடு எனக்கு மட்டும் கிடைக்கும். அந்த ஆசை எனக்கு இருந்தது. மெடிக்கலில் அவர் தோற்க வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. இரண்டும் ஒரே நெஞ்சுக்குள் எப்படி இருந்தன என்று கேட்காதீர்கள். இருந்தன.

மெடிக்கலுக்கு முதல் நாள் பின்னேரம் என்னைக் கூப்பிட்டார். "பத்மா, கையக் குடு."

கொடுத்தேன். பிடித்தார். விட்டார். நாலு தடவை. எலும்பு தெரியும்படி பிடித்தார்.

"எப்படி?"

"நல்லா இருக்குங்க."

"டொக்டர் ரெண்டு தடவ புடிக்கச் சொல்லுவாரு. மிஞ்சிப் போனா மூணு. அதுக்குள்ள சைன் வச்சிருவாரு."

"அஞ்சாவது?"

"அஞ்சாவது எவன் கேக்கப் போறான்?" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பன்வில ரோட்டை நான் பஸ்ஸில் போய்ப் பார்த்திருக்கிறேன். மழை, பனிமூட்டம், ஒரு பக்கம் பள்ளம். அங்கே வளைவுகள் நாலோடு நிற்பதில்லை. எதிரே பள்ளிக்கூட வேன் வரும்போது சுவருக்குப் பின்னால் ஒளிந்து அரை நிமிடம் இளைப்பாற அங்கே இடமும் இல்லை.

அடுத்த நாள் இரண்டு பேருமாகப் போனோம். சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பெயர் கூப்பிட்டதும் நானும் கூடவே உள்ளே போனேன். இருந்தவர் வயதான சிங்கள டொக்டர். நல்ல மனுஷன். வெளியே நாற்பது பேர் காத்திருந்தும் முகத்தைச் சுளிக்கவில்லை. கண் பார்த்தார், கால் பார்த்தார், நடக்கச் சொன்னார். எல்லாம் சரி. ஸ்ட்ரோக் வந்த கையைக் கேட்டார். தன் இரண்டு விரலை நீட்டி இறுக்கிப் பிடிக்கச் சொன்னார்.

ஒன்று. இரண்டு. மூன்று.

"நல்லா இருக்கே" என்றார் சிங்களத்தில். பேனாவை எடுத்தார்.

நான் வாயைத் திறந்தேன். "தவ பாரக், டொக்டர்" என்றேன். இன்னொரு தடவை.

புருஷனுடைய பலத்தைக் காட்ட ஆசைப்படுகிறேன் என்று டொக்டர் நினைத்திருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே மறுபடி விரலை நீட்டினார். இவர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். நாலாவது தடவை பிடித்தார். டொக்டர் விரலை உதறிக்கொண்டு, "போதும் நோனா, உடைத்துவிடுவார் போலிருக்கிறது" என்றார்.

அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். நாலு தடவை பிடித்தாயிற்று. சட்டப்படி என் மீது ஒரு குற்றமும் இல்லை.

"தவ பாரக்" என்றேன்.

கை வலிக்கிறது என்று அவர் சொல்லியிருக்கலாம். எழுந்து வந்திருக்கலாம். சொல்லவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே டொக்டரின் விரலைப் பிடித்தார். அவருடைய விரல்கள் மடங்கின. மடங்கி, அப்படியே திறந்துகொண்டன.

டொக்டர் பேனாவை மூடி வைத்தார். கனரக வாகனம் இப்போதைக்கு வேண்டாம், ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

ஹாஜியாருக்கு நான்தான் ஃபோன் பண்ணினேன். "கை மொதல்ல சொகமாகட்டும் டீச்சர்" என்றார். அந்த வாரமே லொறிச் சாவி வேறொருவர் கைக்குப் போனது. அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. எத்தனை நாள்தான் அவரும் வைத்திருப்பார்?

இவர் ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. சம்பலில் உப்பில்லை என்றால் கூட தர்ஷினிக்கு ஃபோன் எடுத்து, "உங்கம்மாகிட்ட சொல்லு" என்பார். நான் அடுத்த அறையில்தான் இருப்பேன். அவள் கொழும்பிலிருந்து எனக்கு எடுத்து, "அம்மா, சம்பல்ல உப்பில்லயாம்" என்பாள். அந்த ஒன்பது நாளும் நான் செய்தது சரியா பிழையா என்று நூறு தடவை யோசித்தேன். சரிதான் என்று தெரிந்தது. தெரிந்தும் சோறு இறங்கவில்லை.

பள்ளிக்கூடத்துக்கு மேலிடத்திலிருந்து ஆள் வரும் நாளில் நாங்களும் சுவரைக் கழுவி, பிள்ளைகளின் படத்தை ஒட்டி, நல்ல சேலை கட்டிக்கொண்டு நிற்கிறோம். பெண் பார்க்க வருகிறவர்களுக்குத் தெரிவதும் ஒரு மணி நேரத்துச் சிரிப்புத்தான். பரீட்சைக்கு நாலு குண்டு எல்லோரிடமும் இருக்கிறது. மிச்ச அரை நிமிடத்தைப் பார்க்கிறவர்கள் கூட இருக்கிறவர்கள் மட்டும்தான். அதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருப்பதைத்தான் நாம் ரொம்ப காலமாகப் பாசம் என்று சொல்லிவந்திருக்கிறோம். எனக்கு அது இப்போது அவ்வளவு நிச்சயமாகத் தெரியவில்லை.

பத்தாம் நாள் காலை, பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டுச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் வந்து நின்றார்.

"அஞ்சாவது வேணும்னு கேட்டது நீதான" என்றார். "அப்ப அது எப்ப வருதுன்னு நீயே எண்ணு."

கையை நீட்டினார்.

அன்றிலிருந்து தினமும் காலையில் எண்ணுகிறேன். பஸ் தவறினாலும் எண்ணிவிட்டுத்தான் போகிறேன். நாலு, நாலு, நாலு... ஒரு நாள் மூன்று. மறுபடி நாலு. இதை எழுதட்டுமா என்று கேட்டபோது, "எழுதிக்க, எம்பேர சரியா போடு" என்றார்.

இன்று காலை ஐந்து. ஐந்தாவது கொஞ்சம் வலித்தது — எனக்கு.