கேசரி மேல் வைத்த ஆர்க்கிட்

எங்கள் தெருவில் எங்கள் வீட்டுக்கு 'பூத் திங்கிறவுக வீடு' என்று பெயர். பால்காரர் அப்படித்தான் சொல்கிறார். சிலிண்டர் போட வருகிறவரும் அப்படித்தான் சொல்லி வழி கேட்டு வருகிறார். இந்தப் பெயரை எங்களுக்கு வாங்கித் தந்த புண்ணியவதி என் நாத்தனார், அதாவது என் வீட்டுக்காரரின் தங்கை. நாத்தனார் என்றதும் ஊரார் எதிர்பார்க்கிற கதை எதுவும் என்னிடம் இல்லை. எங்களுக்குள் சண்டை வருவது உப்பு கூடவா குறையவா என்பதில் மட்டும்தான். அதிலும் நான்தான் ஜெயிப்பேன்.

கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தவள் திடீரென்று ஒருநாள் பெட்டி படுக்கையோடு கம்பம் பக்கத்துக் கூடலூருக்குத் திரும்பி வந்தாள். வீட்டுக்குப் பின்னால் மாமனார் தக்காளி போட்டுக்கொண்டிருந்த இடத்தில் பச்சை வலை கட்டினாள். தொட்டிகளில் தேங்காய் மட்டையையும் அடுப்புக்கரியையும் போட்டு ஆர்க்கிட் செடிகளை நட்டாள். மண் ஒரு பிடிகூடப் போடவில்லை. மாமனார் இடுப்பில் கை வைத்து வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு, "மண்ணு இல்லாம செடியாம். கிறுக்குப் பிடிச்சுருச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

செடிகள் பூத்தன. ஊதாவும் வெள்ளையுமாகக் கொத்துக் கொத்தாய். அதை அவள் பூக்கடைக்குக் கொடுத்திருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். சாப்பிடுவதற்கென்று விற்றாள். காலையில் தெர்மோகோல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்களோடு ஜீப்பில் ஒட்டி உட்கார்ந்து குமுளிக்குப் போவாள். அங்கே விடுதிச் சமையல்காரர்கள் அதை வாங்கி, வறுத்த மீன் பக்கத்தில் ஒன்று, ஜூஸ் தம்ளர் விளிம்பில் ஒன்று, பாயசத்தில் ஒன்று என்று வைப்பார்கள். பொக்கேயில் வரும் ஆர்க்கிட்டைத் தின்னக்கூடாது, அதில் மருந்து அடித்திருப்பார்கள் என்பாள். இவள் மருந்தே அடிப்பதில்லை. நத்தையைக்கூடக் கையால் பொறுக்கிக் கொண்டுபோய் ஓடைப் பக்கம் விட்டுவிட்டு வருவாள். அது திரும்பி வந்துவிடும் என்று நான் சொன்னால் கோபம் வேறு வரும்.

அவளுக்கு ஒரே ஒரு வருத்தம். சுற்றுலா வருகிறவர்கள் தட்டைப் போட்டோ எடுத்துவிட்டு, நாம் கறிவேப்பிலையை ஒதுக்குவதுபோல் பூவை ஓரமாக ஒதுக்கிவிடுகிறார்களாம்.

"திங்கிற பூவுன்னு வாங்குறாக அண்ணி. ஆனா ஒருத்தரும் திங்க மாட்டேங்கிறாக. நீங்க ஏதாச்சும் செய்யுங்க."

என்னைச் சமையலில் உசுப்பிவிட்டால் போதும், பிறகு அடக்க முடியாது. முதலில் ரசத்தில் போட்டேன். நிறம் போய்ச் சவசவ என்று மிதந்தது. சாம்பாரில் அது எங்கே போனதென்றே தெரியவில்லை. பிறகுதான் அதன் குணம் பிடிபட்டது. ஆர்க்கிட்டைப் போட்டு வேகவைக்கக் கூடாது. பச்சையாகத் தின்றால் வெள்ளரிப்பிஞ்சு மாதிரி மொறுக்கென்று இருக்கும். நடுவில் குச்சி மாதிரி ஒன்று நிற்கும், அது கசக்கும், கிள்ளி எறிந்துவிட வேண்டும். தயிர்ப் பச்சடியில் கடைசி நிமிடத்தில் கிள்ளிப் போட்டால் நன்றாக இருந்தது. எலுமிச்சம்பழம் பிழிந்தால் ஊதா இதழ் ரோஸ் நிறத்துக்கு மாறியது. கடலைமாவைத் தண்ணியாகக் கரைத்து, முழுப் பூவை முக்கி, காய்ந்த எண்ணெயில் போட்டவுடன் எடுத்தால் பஜ்ஜி. அந்த பஜ்ஜியைத் தின்று பார்த்துவிட்டு நாங்கள் இரண்டு பேரும் அடுப்படியில் குதித்தது உண்மை.

"சாமிக்கு வைக்கிற பூவ எண்ணெயில போட்டுப் பொரிக்கிறாளுக, இது எங்க போய் முடியுமோ" என்று மாமியார் வாசலில் நின்று யாரிடம் என்றில்லாமல் சொன்னார். மாமனாருக்கும் அதே அபிப்பிராயம்தான். இத்தனைக்கும் மனிதர் தினமும் கம்பத்து நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய சாலாமிசிரிப் பொடியைப் பாலில் கலக்கிக் குடிக்கிறவர். நாத்தனார் அவர் முன்னால் போய் உட்கார்ந்து, "அப்பா, நீங்க குடிக்கிறீகளே, அதுவும் ஒரு ஆர்க்கிட்டோட கெழங்குதான்" என்றாள். அவர் தம்ளருக்குள் உற்றுப் பார்த்தார். "அது மருந்து" என்று சொல்லி மிச்சத்தையும் குடித்தார். வெனிலாவும் ஆர்க்கிட் கொடியில் காய்க்கிறதுதான் என்று மாமியாரிடம் சொன்னோம். "ஐஸ்கிரீம்ல பூவா தெரியுது?" என்று கேட்டு எங்கள் வாயை அடைத்துவிட்டார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து அவளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. நல்ல குடும்பம், மாப்பிள்ளைக்கு நல்ல வேலை, குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் பிரச்சினையே. குறை இருந்தால் சொல்லித் தப்பிக்கலாம்.

"அங்கன போர்த் தண்ணி உப்பு அண்ணி. ஆர்க்கிட்டு வேருக்கு உப்பு ஆகாது, கருகிப் போயிரும்" என்றாள். மாமனாரிடமும் சொல்லிப் பார்த்தாள். "செடிக்காகக் கல்யாணம் வேணாம்னு சொன்னவ இந்த ஊருல உண்டா?" என்று அவர் கேட்டார். செடிக்காக மட்டுமில்லை, எனக்கு இப்போது கல்யாணமே வேண்டாம் என்று அவள் சொல்ல ஆரம்பித்தபோது அவர் எழுந்து போய்விட்டார். பச்சை வலைக்குக் கீழே ஆடு கட்டினால் வெயில் படாது என்று அந்த வாரமே பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டுவிட்டு அவள் தொட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. எனக்குத் தாங்கவில்லை.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். பெண் பார்க்க வருகிறவர்களுக்குப் பிடித்துவிட்டால் அன்றைக்கே பூ வைத்துவிட்டுப் போவார்கள். மாப்பிள்ளையின் அம்மா தன் கையால் பெண்ணின் தலையில் பூவை வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது. பத்திரிகை, மண்டபம் எல்லாம் அதற்குப் பிறகு வரும் சில்லறை வேலைகள். பூ வைத்த பிறகு பெண் மாட்டேன் என்றால் அந்த வீடே வாக்குத் தவறிய வீடாகிவிடும். பூ வைப்பதற்கு முன்னால் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். ஆனால் அதற்கு முன்னால் பெண்ணிடம் யாரும் கேட்பதில்லை.

என் வீட்டுக்காரர் லாரியோடு எங்கோ வடக்கே இருந்தார். அதனால் யோசிக்கிற வேலை என் தலையில் விழுந்தது. நான் யோசித்தது இதுதான்: பூவைத் தின்கிற வீடு என்று எங்கள் தெருவே முகம் சுளிக்கிறது. ராமநாதபுரத்துக்காரர்கள் மட்டும் சுளிக்காமல் இருப்பார்களா? வருகிறவர்களுக்குத் தட்டு நிறையப் பூவாகக் கொடுத்தால், இந்த வீட்டில் எல்லாரும் ஒரு மாதிரி என்று அவர்களே கிளம்பிவிடுவார்கள். பழி யார் மேலும் வராது.

மாமியாரிடம் வாழைக்காய் பஜ்ஜி என்று சொல்லிவிட்டு ஆர்க்கிட் பஜ்ஜி போட்டேன். ஆர்க்கிட் பச்சடி செய்தேன். பாலில் நிஜ வெனிலாக் காயைக் கீறிப் போட்டுக் காய்ச்சினேன். கேசரியைக் கிண்ணத்தில் அமுக்கிக் கவிழ்த்து ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு முழு ஆர்க்கிட்டை நட்டுவைத்தேன். பச்சை வலைக்குள் இருந்ததிலேயே நல்லதாகப் பார்த்துப் பறித்த பூக்கள். நாத்தனார் பட்டுப்புடவையோடு அடுப்படிக்குள் எட்டிப் பார்த்து, "அண்ணி, பயந்துருவாகளா?" என்று கேட்டாள்.

"அலறி ஓடுவாக, பாரு" என்றேன்.

காரில் வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, இரண்டு உறவினர்கள். மாப்பிள்ளை சாதுவாகத் தலையைக் குனிந்து உட்கார்ந்தார். அந்த அம்மாவுக்கு நல்ல கனத்த குரல். வந்த களைப்பில் முதல் பஜ்ஜியை எடுத்துக் கடித்தார்.

"என்ன பஜ்ஜிம்மா இது?"

இதற்காகத்தானே காத்திருந்தேன். "பூ பஜ்ஜிங்க. ஆர்க்கிட்டுப் பூவு. இந்தா, இவ வளத்ததுதான். எங்க வீட்டுல தினமும் பூவுதான்" என்றேன். பின்னால் நின்ற மாமியார் என் இடுப்பில் கிள்ளினார்.

"கொழம்புலயுமா?"

"கொழம்புலயும்தான்" என்று கூசாமல் சொன்னேன்.

அந்த அம்மா இன்னொரு பஜ்ஜியை எடுத்தார். "இருக்கட்டுமே. வாழப்பூவத் திங்கிறோம், முருங்கப்பூவத் திங்கிறோம், அகத்திப்பூவத் திங்கிறோம். இந்தப் பூவு என்ன பாவம் பண்ணுச்சு? நல்லா மொறுமொறுன்னுல்ல இருக்கு!" என்றார்.

என் திட்டம் எண்ணெய்ச் சட்டியோடு கவிழ்ந்தது. வாழைப்பூ என் நினைவுக்கே வரவில்லை. முந்தின நாள்தான் வாழைப்பூ வடை சுட்டிருந்தேன். அந்த அம்மா பச்சடியை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், பாலைக் குடித்துவிட்டு வாசனை எங்கே வாங்கியது என்று விசாரித்தார். மாப்பிள்ளை மட்டும் கேசரியைச் சாப்பிட்டுவிட்டு ஆர்க்கிட்டைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்தார். நாத்தனார் அதைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

"புள்ளையவும் புடிச்சுருக்கு, வீட்டையும் புடிச்சுருக்கு. ராகு காலம் வரதுக்குள்ள பூவ வச்சுருவோம்" என்று அந்த அம்மா எழுந்தார். மாமனாரின் முகம் மலர்ந்தது. உறவினர் பையைத் துழாவினார். குங்குமம் இருந்தது, வெற்றிலை பாக்கு இருந்தது, தேங்காய் பழம் இருந்தது. பூ இல்லை. வாடாமல் இருக்கட்டும் என்று மல்லிகைச் சரத்தை ஈரத் துணியில் சுற்றி ஃபிரிட்ஜில் பத்திரமாக வைத்தவர்கள், விடியுமுன் கிளம்பிய அவசரத்தில் அதை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள்.

எனக்கு உயிர் வந்தது. "நான் போய் பஸ் ஸ்டாண்டுல வாங்கிட்டு வாரேன் மாமா" என்று செருப்பை மாட்டப் போனேன். நான் போனால் ராகு காலம் முடிந்து, எமகண்டமும் முடிந்துதான் திரும்பியிருப்பேன்.

"எதுக்கும்மா அலையுற? இந்தா இருக்குல்ல பூவு!" என்றார் அந்த அம்மா. கேசரியின் உச்சியில் நான் நட்டுவைத்த ஆர்க்கிட்டை எடுத்தார். நெய்யை முந்தானையில் துடைத்தார். ஓட வைக்கிறேன் என்று வீரம் பேசி, கயிற்றை நானே திரித்து அவர் கையில் கொடுத்தது போலாகிவிட்டது. மாமியார் குலவை போட வாயைத் திறந்துவிட்டார்.

பூ தலைக்கு அருகில் வந்தபோது நாத்தனார் கையை உயர்த்தினாள். அந்த அம்மாவின் விரல்களிலிருந்து பூவை வாங்கினாள். பிடுங்கவில்லை, மரியாதையாகத்தான் வாங்கினாள். நடுவில் இருந்த கசப்புக் குச்சியைக் கிள்ளித் தட்டில் போட்டாள். மிச்சத்தை வாயில் போட்டு மென்றாள். அவள் மெல்லுகிற சத்தம் மட்டும்தான் அந்தக் கூடத்தில் கேட்டது.

முழுங்கிவிட்டு, "மன்னிச்சுக்கங்க அத்தை. எனக்கு இப்ப கல்யாணம் வேணாம். எனக்கு இங்கன வேலை இருக்கு. இதச் சொல்ல எனக்கு யாரும் எடம் குடுக்கல" என்றாள். குரல் நடுங்கியது. ஆனால் ஒரு சொல்லையும் அவள் விழுங்கவில்லை.

"ஏ கழுத!" என்று மாமனார் எழுந்தார்.

"நீங்க உக்காருங்கண்ணே" என்றார் அந்த அம்மா. அவருடைய குரலுக்கு மாமனார் உட்கார்ந்துவிட்டார். மாப்பிள்ளை முதல்முறையாகத் தலையை நிமிர்த்தி நாத்தனாரைப் பார்த்தார். அந்த அம்மா குனிந்து, மகன் ஒதுக்கி வைத்திருந்த ஆர்க்கிட்டை எடுத்தார். மறுபடியும் தலைக்குத்தான் கொண்டுபோகிறார் என்று நினைத்து நான் நடுவில் பாயத் தயாரானேன். நாத்தனார் அசையாமல் நின்றாள்.

அவர் நாத்தனார் செய்தது போலவே நடுக்குச்சியைக் கிள்ளிப் போட்டார். பூவைத் தன் வாயில் போட்டுக்கொண்டார். அவசரப்படாமல் மென்றார். பிறகு குங்குமத்தையும் வெற்றிலையையும் திரும்பப் பைக்குள் எடுத்து வைக்கும்படி உறவினருக்குக் கண் காட்டினார். மாமியார் திறந்த வாயை அப்போதுதான் மூடினார்.

வாசல்வரை போன அந்த அம்மா திரும்பி வந்து நாத்தனாரின் கன்னத்தைத் தொட்டார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

"எனக்கு எங்க அத்தை வச்சது தாழம்பூ ஆத்தா. அம்புட்டும் முள்ளு. திங்க முடியல."