கதவைத் தட்டும் வீட்டுக்காரம்மா

தையலக்காவை நான் முதலில் பார்த்தபோது அவர் மாடி வராந்தாவில் ஏணி போட்டு ஏறி, குளியலறைச் சன்னலில் யாரோ செருகி வைத்திருந்த அட்டையைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். முந்தின நாள் தங்கிப் போனவர்கள் குளிர் தாங்காமல் அடைத்துவிட்டுப் போனார்களாம். அந்தச் சன்னலில் கண்ணாடியே கிடையாது. வெறும் சட்டம்தான்.

சுற்றுலா வீடுகளை உரிமையாளர் சார்பாக எடுத்து நடத்தும் ஒரு நிறுவனத்தில் அப்போது நான் சேர்ந்து நான்கு மாதம். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். வேதியியல் பட்டம். அடையாள அட்டையைச் சட்டைக்கு வெளியே தெரியும்படிதான் தொங்கவிடுவேன். ஏணியில் இருந்தபடியே அக்கா அந்த அட்டையைப் பார்த்தார், பிறகு என்னை. "படிச்ச பிள்ளையா? நல்லது தம்பி. ஏணியைக் கொஞ்சம் பிடிங்க" என்றார்.

லாரி ஓட்டிய கணவர் இறந்தபின் வந்த காப்பீட்டுப் பணத்தில் கட்டிய மாடி அது. இரண்டு அறை, ஒரு குளியலறை, ஏரியைப் பார்த்த வராந்தா. கீழே அக்கா விடுதிகளுக்குத் திரைச்சீலையும் தலையணை உறையும் தைத்தார். மாடியை மூன்று வருடமாக நாள் வாடகைக்கு விட்டுவந்தார். தொலைவில் வேலை பார்க்கும் மகள் போனிலேயே ஆட்களைப் பதிவு செய்து அனுப்புவாள். எங்களை அழைத்ததும் மகள்தான். காரணம், தங்கிப் போனவர்கள் எழுதிய விமர்சனங்கள். "வீடு சுத்தம், ஏரி அழகு. ஆனால் குளிக்கும்போது வீட்டுக்காரம்மா வந்து கதவைத் தட்டுவார்" என்று ஒருவர் எழுதியிருந்தார். இன்னொருவர், "பத்து நிமிடத்துக்குள் சோப்பைக் கழுவிவிடவும்" என்று எச்சரித்திருந்தார். எங்கள் அலுவலகத்தில் அதை உரக்கப் படித்துச் சிரித்தோம். நானும்தான்.

நிறுவனத்திடம் கொடுப்பதா வேண்டாமா என்று அக்கா மூன்று வாரம் யோசித்தார். வாடகையில் ஐந்தில் ஒரு பங்கு எங்களுக்கு என்பதில் அவருக்குப் பெரிய வருத்தமில்லை. யார் வருவார்கள், எத்தனை பேர், சாவியை யார் கொடுப்பார்கள் என்றெல்லாம் கேட்டார். விருந்தினர் தங்கியிருக்கும்போது உரிமையாளர் மாடிக்குப் போகக்கூடாது என்ற விதியில் வந்துதான் நின்றுவிட்டார். ஒப்பந்தத்தின் அந்தப் பக்கத்தில் வைத்த விரலை வெகுநேரம் எடுக்கவில்லை. ஒலிபெருக்கியில் போட்ட போனிலிருந்து மகள் பொறுமை இழந்து பேசினாள்.

"அம்மா, நீ தட்டுறதை நிறுத்தலைன்னா இந்த வீட்டுக்கு ஆளே வராது."

அக்கா கையெழுத்துப் போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.

"ஒண்ணே ஒண்ணு தம்பி. அந்தக் குளியலறைச் சன்னலை மட்டும் அப்படியே விட்டுடுங்க."

ஏன் என்று கேட்டேன். காற்று வரட்டும் என்றார். விருந்தினருக்கு மறைவு முக்கியம், குளிரும் உள்ளே வரக்கூடாது என்று நான் விளக்கினேன். என் கையில் நாற்பத்திரண்டு வரிசை கொண்ட ஆய்வுப் படிவம் இருந்தது. குளியலறையில் வெந்நீர் இருக்கிறதா என்ற இடத்தில் 'உண்டு' என்று குறித்தேன். சுவரில் எரிவாயுவில் ஓடும் வெந்நீர்ப் பெட்டி மாட்டியிருந்தது. உள்ளே நீலச்சுடர் எரிவதைக்கூடப் பார்த்தேன். சன்னல் என்ற இடத்தில் 'கண்ணாடி பொருத்த வேண்டும்' என்று எழுதினேன். மறுநாளே ஆள் வந்து கண்ணாடி வைத்து, ஓரமெல்லாம் பூசி அடைத்துவிட்டுப் போனான்.

முதல் விருந்தினர் புதுமணத் தம்பதி. அவர்கள் வந்த மறுநாள் காலை, வாசலில் சாவிப்பெட்டி பொருத்துவதற்காகப் போயிருந்தேன். அக்கா தையல் இயந்திரத்தில் இருந்தார். மாடிக் குளியலறையின் கழிவுநீர்க் குழாய் அவர் உட்காரும் இடத்தை ஒட்டித்தான் இறங்குகிறது. அதில் தண்ணீர் ஓடத் தொடங்கியதும் இயந்திரம் நின்றது. அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நான் சாவிப்பெட்டியைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் காதில் எதுவும் விழவில்லை. பத்து நிமிடம் தாண்டியது. தைத்துக்கொண்டிருந்த துணியை அவர் கை கசக்கியது.

"தம்பி, நீங்க போய்த் தட்டுங்க. நான் போகக்கூடாதுன்னு எழுதிக் கொடுத்திருக்கேன்."

குளிக்கிறவரை நிம்மதியாகக் குளிக்க விடுங்கள் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. எழுந்து நின்றார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் உள்ளேயே விழுந்துட்டாரு. சன்னலெல்லாம் சாத்தியிருந்துச்சு. வெளியே இழுத்துப் போட்டு, காத்து பட்டப்புறம்தான் கண்ணைத் திறந்தாரு. ரத்தக் கொதிப்பா இருக்கும்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. ஆனா எனக்கு மனசு ஒப்பலை. அன்னைக்கே கண்ணாடியை எல்லாம் கழட்டிட்டேன். மககிட்ட சொல்லலை தம்பி. சொன்னா வீட்டை மூடச் சொல்லுவா. எனக்கு வேற என்ன இருக்கு?"

காற்றுப் போதாத இடத்தில் எரிவாயு எரிந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும், மணமோ நிறமோ இல்லாத அது ரத்தத்தில் ஆக்சிஜனை ஏறவிடாது என்று பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். அந்த அறையில் காற்று வந்த ஒரே வழியை அடைக்கச் சொல்லி எழுதியதும் நான்தான்.

படிகளில் ஓடினேன். அறையில் அந்தப் பெண் தலை வாரிக்கொண்டிருந்தாள். கணவர் எப்போதுமே மெதுவாகத்தான் குளிப்பார் என்றாள். கதவைத் தட்டினேன், கத்தினேன். தண்ணீர் விழும் சத்தம் மட்டும் வந்தது. அவள் கையிலிருந்த சீப்பு நழுவிக் கீழே விழுந்தது. அதற்குள் அக்கா துணி வெட்டும் பெரிய கத்தரிக்கோலோடு வந்து, என்னை ஒதுக்கிவிட்டு, கதவிடுக்கில் அதை நுழைத்து உள்கொண்டியை ஒரே தூக்கில் தூக்கினார்.

அந்த மனிதர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தலை ஒரு பக்கம் தொங்கியது. அக்கா துண்டை எறிந்து அவரைப் போர்த்தினார். நாங்கள் இருவரும் அக்குளில் கை கொடுத்து வராந்தாவுக்கு இழுத்தோம். ஓடிப்போய் அந்தச் சுடரை அணைத்தேன். திரும்பி வந்தபோது அவர் அசையவில்லை. அவர் மனைவி பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. பிறகு அவர் ஒருமுறை இழுத்து மூச்சு விட்டார், வாந்தி எடுத்தார். மருத்துவமனையில் மூன்று நாள் வைத்திருந்தார்கள். இன்னும் சிறிது நேரம் போயிருந்தால் கஷ்டம் என்றார் மருத்துவர்.

அன்று சாயங்காலம் அக்கா என் முன்னாலேயே மகளுக்குப் போன் செய்து பழைய சம்பவத்தையும் சேர்த்துச் சொன்னார். மகள் திட்டவில்லை. அதுதான் அக்காவை அதிகமாகப் பயமுறுத்தியது என்று நினைக்கிறேன். சன்னலை அடைக்க எழுதியது நான் என்று என் மேலதிகாரியிடம் சொன்னேன். இனிமேல் எதையும் எழுத்தில் வைக்காதே என்பது அவருடைய அறிவுரை. நடந்ததை நான் எழுதித்தான் கொடுத்தேன். 'வெந்நீர் உண்டு' என்று நான் குறித்த மற்ற வீடுகளுக்கும் திரும்பப் போனேன். ஏழு வீடுகளில் அதே பெட்டி, அதே போல மூடிய அறை. உள்ளே யாராவது கிடப்பார்களோ என்று ஒவ்வொரு கதவையும் தட்டிவிட்டுத்தான் திறந்தேன்.

நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தத்தை அக்கா ரத்து செய்துவிட்டார். தானே நடத்தவும் அவருக்குத் தெம்பில்லை. எரிவாயுப் பெட்டியைக் கழற்றி, மின்சாரத்தில் ஓடுவதை மாட்டி, மாடியை மாத வாடகைக்கு விட்டுவிட்டார். அங்கே இப்போது ஒரு தபால்காரரின் குடும்பம் இருக்கிறது. வருமானம் பாதிக்கும் குறைவு. அதை ஈடுகட்ட அக்கா கூடுதலாக இரண்டு விடுதிகளுக்கும் சேர்த்துத் தைக்கிறார்.