ஆரஞ்சுப் புள்ளியும் ஊதாப் புள்ளியும்

ஓடில்லாத கடல் நத்தையைப் பார்த்தால் முதலில் அதன் விளிம்பைப் பார்க்க வேண்டும். புடவைக் கடையில் பார்டரைப் பிரித்துப் பார்ப்போமே, அதைப் போல. எந்த நிறக் கோடு வெளியே, எது உள்ளே என்ற வரிசையை வைத்துத்தான் இது இன்ன இனம் என்று ஓரளவு சொல்ல முடியும். நடுவில் இருக்கும் புள்ளிகளை நம்பக் கூடாது. இதை எனக்குச் சொன்னவர் எங்கள் கடற்கரைக் குழுவை நடத்தும் இயற்பியல் ஆசிரியர். நான்தான் அவர் பேச்சைக் கேட்கவில்லை.

வாரமெல்லாம் நாவலூர் அலுவலகத்தில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கும் எனக்கு ஞாயிறு காலைதான் காலை. கடல் உள்வாங்கும் நேரத்தைப் போனில் பார்த்துக்கொண்டு, தாம்பரத்திலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பி, வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் பாறைகளுக்குப் போய்விடுவேன். எங்கள் குழு ஒரு படக் கையேடு தயாரித்துக்கொண்டிருந்தது. ஓர் இனத்துக்கு ஒரு பக்கம், பக்கத்தின் அடியில் முதலில் கண்டவர் பெயர். எனக்கு ஒரு பக்கம் வேண்டும் என்று ஆசை. அதை மறைத்துப் பேச எனக்குத் தெரியாது.

பாறை இடுக்குத் தண்ணீரில் நான் கண்டவை இரண்டு வகை. இரண்டுமே சுண்டு விரல் நீளம்கூட இராது. வெள்ளை உடம்பு, மஞ்சள் விளிம்பு. ஒன்றின் முதுகில் ஆரஞ்சுப் புள்ளி, இன்னொன்றில் ஊதாப் புள்ளி. ஆரஞ்சுக்காரிக்குக் கையேட்டில் ஏற்கெனவே பக்கம் இருந்தது. ஊதாக்காரி என்னுடையவள், தனி இனம் என்று அடித்துச் சொன்னேன்.

"பார்டர் ரெண்டுக்கும் ஒண்ணுதானே மேடம்," என்றார் ஆசிரியர்.

"ஆரஞ்சு எங்க சார், ஊதா எங்க?"

"உங்க போன் கலரைக் கூட்டிக் காட்டுது. அதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அடுத்த வாரத்திலிருந்து நத்தையின் பக்கத்தில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் ஸ்பூனை வைத்துப் படம் எடுத்தேன். படத்தில் ஸ்பூன் வெள்ளையாக விழுந்தால் நத்தையின் நிறமும் சரி என்று அர்த்தம். ஸ்பூன் வெள்ளையாகத்தான் விழுந்தது. ஊதா ஊதாவாகவே இருந்தது. ஆசிரியர் படங்களைப் பார்த்துவிட்டு, "இன்னும் பாருங்க மேடம்," என்றார். பார்த்தேன். மழைக்காலத்தில் தண்ணீர் கலங்கிக் கிடந்தபோதும் போனேன். சிப்பி கிழித்த காலோடும் போனேன். கணவர் என்னை 'ஸ்பூன் மேடம்' என்று கூப்பிட ஆரம்பித்தார். கூப்பிட்டுக்கொள்ளட்டும் என்று விட்டேன்.

கால் ஆறும்வரை தனியாகப் போகக் கூடாது என்று அவரும் ஒரு ஞாயிறு கூட வந்தார். தண்ணீரில் வெயில் கூசாமல் இருக்கக் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். திடீரென்று, "இங்க பாரு, உன்னோட ரெண்டும் ஒண்ணா இருக்கு," என்றார்.

குனிந்து பார்த்தேன். ஆரஞ்சும் ஊதாவும் ஒன்றின் தலைப்பக்கம் இன்னொன்றின் வால் இருக்கும்படி, வலது விலாவோடு வலது விலா ஒட்டிக் கிடந்தன. இந்த நத்தைகளில் ஒவ்வொன்றும் ஆணும்தான், பெண்ணும்தான். அவை இணைசேர்வது இப்படித்தான். ஒரே இனமாக இருந்தால்தான் பொதுவாக இப்படிச் சேரும். அப்படியானால் என் ஊதாவுக்குத் தனிப் பக்கம் கிடையாது. ஆனாலும் கை தன்னால் ஸ்பூனை எடுத்து வைத்தது. படம் எடுத்தேன்.

"இதை அனுப்பாம விட்டா யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் அவர். கிண்டல் இல்லை. நான் பட்ட பாட்டைப் பார்த்துப் பாவப்பட்டுச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து, குளிக்கக்கூடப் போகாமல், போனில் பழைய படங்களை எல்லாம் திறந்தேன். நிறம் சரியாக விழவில்லை என்று நானே ஒதுக்கிவைத்த படங்கள் நிறைய இருந்தன. அவற்றில் புள்ளிகள் ஆரஞ்சும் இல்லை, ஊதாவும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு செங்கல் நிறம். சிலவற்றில் ஒரே முதுகில் இரண்டு நிறமும் இருந்தன. ஒவ்வொன்றிலும் பக்கத்தில் ஸ்பூன் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. படத்தில் குறையே இல்லை. எனக்கு அழுகை வந்தது, அழுதேன். பிறகு அத்தனையையும் சேர்த்து ஆசிரியருக்கு அனுப்பினேன்.

சாயங்காலம் அவரே கூப்பிட்டார்.

"ஒரு தடவை சேர்ந்ததை வெச்சு முடிவு பண்ண வேண்டாம் மேடம். வேற வேற இனம்கூட எப்பவாவது தப்பா சேரும்."

இத்தனை நாள் ஒரே இனம் என்று என்னோடு மல்லுக்கு நின்றவர் பேசுகிற பேச்சா இது?

"மத்த படமெல்லாம் பாத்தீங்களா சார்?"

"பாத்தேன். உங்க ஊதாவுக்கு ஒரு பக்கம் போட்டு வெச்சிருக்கேன் மேடம். அடியில உங்க பேரும் இருக்கு. நீங்க விட மாட்டீங்கன்னு தெரியும். நான்தான் இன்னும் சொல்லல."

அந்தப் பக்கத்தை எப்படியெல்லாம் நினைத்துப் பார்த்திருக்கிறேன். சமையலறைக்குள்ளிருந்து கணவர் எட்டிப் பார்த்தார்.

"எடுத்துடுங்க சார்," என்றேன்.

"யோசிச்சுச் சொல்லுங்க."

"எடுத்துடுங்க. ஆரஞ்சோட பக்கத்துல கொஞ்சம் இடம் விடுங்க. ஊதா அங்கதான் வரணும்."