கட்டைவிரல் பக்கம்

எங்கள் வீட்டில் தற்காப்புக் கலை பயின்றவள் நான் ஒருத்திதான். அதிலும் உதை கிடையாது. பள்ளியில் பெண்பிள்ளைகளுக்குக் கராத்தே சொல்லிக்கொடுக்க வந்த மாஸ்டர் மூன்றே வாரத்தில் நின்றுவிட்டார். அவர் விட்ட இடத்திலிருந்து நானே தொடர்வதென்று அப்பாவின் செல்போனில் வீடியோ பார்க்க ஆரம்பித்தேன். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. முதல் நாளே காலை வீசியதில், தறியில் இழுத்துக் கட்டியிருந்த பட்டுப் பாவில் நகம் பட்டு இருபது முப்பது இழை அறுந்துபோயின. ஒவ்வொரு இழையாகத் தேடிப் பிடித்து முடிச்சுப் போட அப்பாவுக்கு அரை நாள் ஆனது.

“இன்னொரு வாட்டி காலத் தூக்கிக்கினு வந்தே, கால ஒடச்சிடுவேன்” என்றார்.

வீட்டில் பாதியைத் தறி பிடித்துக்கொண்டிருந்தது. மீதியில்தான் நாங்கள் சமைத்து, சாப்பிட்டு, படுத்து எழுந்தோம். ஆகவே கையால் செய்வதை மட்டும் கற்றுக்கொண்டேன்.

அதில் முதல் பாடம், ஒருவன் மணிக்கட்டைப் பிடித்தால் விடுவித்துக்கொள்வது. பிடித்த கையின் நான்கு விரல்களோடு மல்லுக்கட்டக் கூடாது. கட்டைவிரல் பக்கம்தான் பிடி இளக்கம். அந்தப் பக்கமாக மணிக்கட்டைத் திருப்பி வெடுக்கென்று இழுக்க வேண்டும் என்று வீடியோவில் வந்த பெண் சொல்லிக்கொடுத்தாள். என் கையைப் பிடிக்கத்தான் ஆளில்லை. அம்மாவுக்கு அப்பாவின் தறிக்கு நூல் சுற்றிக்கொடுக்கவே பொழுது சரியாக இருந்தது. தறிக்காலில் ஒரு துண்டைக் கட்டி, அதன் சுருக்கில் கையை விட்டுத் திருப்பித் திருப்பி இழுத்தேன். ஒரு முறைகூடத் தறிக்கால் ஜெயிக்கவில்லை. என்னை வெல்ல இந்தக் காஞ்சிபுரத்தில் ஆளில்லை என்ற முடிவுக்கு ஒரே வாரத்தில் வந்துவிட்டேன்.

அந்த ஆடியில்தான் அக்காவை அழைத்து வந்தார்கள். தை மாதம் வாலாஜாபாத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். மாமா அங்கே ஒரு ரைஸ் மில்லில் வேலை பார்த்தார். கல்யாணமான முதல் ஆடியில் பெண் தாய்வீட்டில் இருக்க வேண்டும். ஆடியில் சேர்ந்திருந்தால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்குமாம். அதற்காக ஒரு மாதம் பிரித்துவைக்கிற எங்கள் ஜனங்கள் வேறு எதற்காகவும் பிரித்துவைக்க மாட்டார்கள்.

வந்த இரண்டாம் நாள் அக்கா சமையல் மூலையில் உட்கார்ந்து அம்மாவிடம் ஏதோ மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மா முறத்திலிருந்து தலை நிமிராமல், “புதுசுல அப்படித்தாம்மா இருக்கும். போகப் போகச் சரியாப்பூடும்” என்றாள். மாமியார் வீட்டுச் சமையல் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆடி வெள்ளியன்று அம்மா அம்மன் கோயிலுக்குப் போய்விட்டாள். அப்பா நெய்து முடித்த சேலையைக் கொடுத்துவரப் போயிருந்தார். நான் வழக்கம்போலத் தறிக்காலோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அக்கா வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அது எப்டி பண்றதுன்னு எனக்குக் காட்டேன்” என்றாள்.

என் வித்தையைக் கேட்டு வந்த முதல் ஆள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்தேன், வெடுக்கென்று சுருங்கினாள். முழங்கைக்கு மேலே தோல் பச்சை பாரித்திருந்தது.

“இன்னாக்கா இது?”

“பஸ்ல கம்பி இடிச்சிக்கிச்சி.”

“பஸ்ல எவனாச்சும் கையப் புடிச்சானா?”

அவள் சிரித்தாள். “ஆமா, எவனோ புடிச்சான். நீ சொல்லிக்குடு.”

அரை மணி நேரத்தில் கற்றுக்கொண்டாள். எனக்கு ஒரு வாரம் பிடித்ததே என்று கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. பிறகு கேள்விமேல் கேள்வி கேட்டாள். பிடிக்கிறவன் நம்மைவிடப் பலசாலியாக இருந்தால்? முடியைப் பிடித்தால்? படுத்திருக்கும்போது பிடித்தால்? முடி அடுத்த வீடியோவில் வரும் என்றேன். படுத்திருக்கும்போது எவன் வந்து பிடிக்கப்போகிறான் என்று கேலி செய்தேன். அவள் மறுபடி மணிக்கட்டை நீட்டினாள்.

அதன் பிறகு பல நாள் நான் பள்ளிவிட்டு வரும்போது தறிக்காலில் துண்டு கட்டியிருக்கும். அக்காவின் மணிக்கட்டு சிவந்திருக்கும். என்னைவிட அதிகம் பழகினாள். சொல்லிக்கொடுத்தவள் நான் என்று எனக்கு ஒரே பெருமை. அம்மாவிடம் சொல்லாதே என்றாள்; சொல்லவில்லை. மாமாவிடம் சொல்லாதே என்று மட்டும் அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தோன்றியிருக்காது.

ஆவணி பிறந்ததும் மாமா அழைத்துப்போக வந்தார். வடை, பாயசத்தோடு விருந்து. சாப்பிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டு அப்பாவோடு பேசிக்கொண்டிருந்தார். வரும்போதெல்லாம் எனக்கு மில்க் சாக்லேட் வாங்கிவருவார். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். பெருமையை அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

“மாமா, அக்கா கையப் புடிங்க பாக்கலாம். உங்களால புடிச்சிக்கினே இருக்க முடியாது.”

அக்கா, “சும்மா இரு” என்றாள். அம்மாவும் அப்பாவும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்துக்கொண்டே எழுந்து வந்து அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தார்.

அவள் மரமாட்டம் நின்றாள். கையைத் திருப்பவில்லை, இழுக்கவில்லை. அத்தனை பேர் முன்னால் என் மானம் போய்க்கொண்டிருந்தது.

“கட்டைவிரல் பக்கம்க்கா! கட்டைவிரல் பக்கம் திருப்பி இழு! தெனம் தறிக்கால்ல பண்ணியே!” என்று கத்தினேன்.

மாமா தன் கையைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். “ஓ, தெனமுமா?” என்றார். என் பக்கம் திரும்பி, “உன் ஸ்டூடண்ட் ஃபெயில்மா” என்றார். எல்லாரும் மறுபடி சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா ஆட்டோவில் ஏறும்போது என்னைக் கூப்பிட்டாள். என் கலையை அவமானப்படுத்தியவளுக்கு முகம் காட்டுவதில்லையென்று நான் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு வருஷம் கழித்து, யாரும் போய் அழைக்காமல், ஒரு ஐப்பசி மாத மத்தியானத்தில் அக்கா தனியாக வந்தாள். அதன் பிறகு திரும்பிப் போகவில்லை. வந்ததிலிருந்து இடது கையால்தான் சாப்பிட்டாள். வலது மணிக்கட்டு கோணலாகக் கூடியிருந்தது. எப்படி உடைந்தது என்று அம்மா கேட்கவில்லை. நான்தான் கேட்டேன். அன்றைக்கு ஏன் கையை விடுவித்துக்கொள்ளவில்லை என்பதையும் சேர்த்துக் கேட்டேன். அத்தனை நாளும் அது என் மனசை அரித்துக்கொண்டிருந்தது.

“என்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான். அத அவருக்குத் தெரியாம வச்சிருக்கணும்னு நெனச்சேன்” என்றாள். பிறகு, “நீ கத்துனதுக்கு அப்பறம் அவரு ரெண்டு கையாலதான் புடிப்பாரு” என்றாள்.

குரலில் கோபமே இல்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று அவளே எனக்காகச் சொல்லி, என் தலையை இடது கையால் தடவிக்கொடுத்தாள். அந்தக் கையைப் பிடித்துத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டேன்.